இறாலின் பேரில் ஒரு விசாரணை

இதனால் சகலருக்கும் அறியத் தருவது என்னவென்றால்: உயிரினங்கள் கடலிலிருந்து கரையேறிய நாள் முதல் இன்றுவரை எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே கனமான ஒன்று, மூன்றாம் மாடி வீடு ஒன்றின் வரவேற்பறையில், மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருக்க, இரண்டே பேர் முன்னிலையில் எடுக்கப்பட்டது. அந்த இரண்டு பேரில் ஒருத்தி அப்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் மனைவியுடன் ஒரு வாரம் விடுமுறைக்குப் போகிறார். அவர் திரும்பி வரும்வரை அவருடைய உப்புநீர் மீன்தொட்டியை மைத்துனன் பார்த்துக்கொள்வான். முடிவு இவ்வளவுதான்.

வீட்டுக்காரர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டுப் பிரிவின் ஆய்வாளர். இழப்பு நேர்ந்தவர்களுக்குப் பணம் ஏன் தர வேண்டியதில்லை என்று கண்டுபிடிப்பது அவருடைய வேலை. அதில் அவர் மன்னன். அலுவலகத்தில் அவருக்கு ‘நிரூபணம்’ என்று பெயர். புருஷன் செத்துப்போனான் என்று ஒருத்தி அழுதுகொண்டு வந்தால் ‘எந்த அளவுக்கு?’ என்று கேட்கக்கூடியவர் என்று கேன்டீனில் சொல்வார்கள். இது தன் காதுக்கு வந்தபோது அவர் கோபப்படவில்லை. சொன்னவன் யார் என்பதை மட்டும் விசாரித்து வைத்துக்கொண்டார்.

ரத்தக் கொதிப்பு ஏறியபோது மருத்துவர் அவரிடம், மீன் வளர்த்துப் பாருங்கள், பார்த்துக்கொண்டே இருந்தால் மனசு அடங்கும் என்றார். சாதாரண ஆள் என்றால் ஒரு கண்ணாடிக் கிண்ணமும் நாலு தங்க மீனும் வாங்கியிருப்பான். நிரூபணம் கடலையே வாங்கினார். ஆளுயரத்துக்குப் படுக்கவைத்த தொட்டி, அதற்குள் பவளப்பாறை, கீழே வெள்ளை மணல், அலை கிளப்ப ஒரு மோட்டார், அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ள ஒரு கருவி, நீல விளக்கு. குடியிருந்தவர்கள்: இரண்டு கோமாளி மீன்கள், தட்டையாக எலுமிச்சை நிறத்தில் ஒரு மஞ்சள் மீன், விரல் நீளத்தில் ஒரு சிவப்பு இறால். முதுகில் வெள்ளைக் கோடும் முகத்தில் வெள்ளை மீசையும் கொண்ட அந்த இறால், மற்ற மீன்கள் பக்கத்தில் வந்து நின்றால் அவற்றின் உடம்பில் ஒட்டியிருப்பதைப் பொறுக்கித் தின்று சுத்தம் செய்யும். அதைத்தான் நிரூபணத்துக்கு மிகவும் பிடிக்கும். மற்றவர் மேல் ஒட்டியிருப்பதை உன்னிப்பாகத் தேடுகிற ஜீவன் அல்லவா.

மனசு அடங்கியதா என்றால் இல்லை. மஞ்சள் மீன் ஏன் மூலையில் நிற்கிறது, கோமாளி ஏன் ஒருக்களித்து நீந்துகிறது என்று புதிதாகச் சந்தேகப்பட நாலு பேர் வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டார்கள்.

தொட்டியை யாரிடம் விட்டுப்போவது என்பதற்குப் பெரிய ஆள் தேர்வே நடந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் பூனை இருந்தது. கீழ்வீட்டு ஆசிரியர் ரொம்பச் சிரித்துப் பேசுவார். அப்படிப் பேசுகிறவர்களிடம் ஏதாவது இருக்கும். அலுவலகத்து உதவியாளன் தானாகவே முன்வந்தான். தானாக முன்வருபவனைவிட ஆபத்தானவன் யார்? இப்படி ஊரையே கழித்துக்கட்டிய பிறகுதான், வெங்காயத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் மனைவி சொன்னாள்.

“என் தம்பி இருக்கான்.”



தம்பி சலவைக் கடை வைத்திருப்பவன். வீட்டில் அவனுக்குப் பெயர் ‘சோப்பு’. மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழையில் கடைக்குள் முட்டி அளவு தண்ணீர் ஏறி, சலவை இயந்திரங்கள் முழுகின. காப்பீடு செய்திருந்தான், அத்தானின் நிறுவனத்திலேயே. சொந்தக்காரன் விஷயத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசக்கூடாது என்று நிரூபணம் அந்தக் கோப்பைத் தானே கேட்டு வாங்கி ஆய்வுக்குப் போனார். சுவரில் ஈரத்தின் தடத்தைத் தடவிப் பார்த்தார். மேலேயிருந்து விழுந்த மழைநீருக்குத்தான் காப்பீடு உண்டு. இது சாக்கடை வழியாகக் கீழேயிருந்து வந்த நீர் என்று எழுதினார். அத்துடன் சோப்பு அந்த வீட்டுப் படி மிதிப்பதை நிறுத்திக்கொண்டான். அவளுக்கு இருப்பது ஒரே தம்பி. மூன்று வருடமாக அவள் அவனைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்துப் பேசிவிட்டு வந்துகொண்டிருந்தாள்.

“அவன்கிட்ட நான் கேக்குறேன். எனக்காக வருவான்” என்றாள். “ஒரு வாரம் ஒழுங்கா பாத்துக்கிட்டான்னா, வந்து நீங்க அவனுக்கு வாய் திறந்து ஒரு நன்றி சொல்லணும். அதோட பழசெல்லாம் முடிஞ்சுது. நான் கேக்குறது அவ்வளவுதான்.”

நிரூபணம் யோசித்தார். பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பதாகத்தான் பட்டது. ஆனால் பூனை காவல் காப்பதை மறைவிலிருந்து பார்க்க ஒரு வாய்ப்பு என்றும் பட்டது. சரி என்றார். மறுநாள் கட்டைவிரல் அளவு கேமரா ஒன்றை வாங்கிவந்து, புத்தக அலமாரியில் அகராதிக்கும் கலைக்களஞ்சியத்துக்கும் நடுவே சொருகினார். அந்த வீட்டில் யாரும் கை வைக்காத இடம் அது ஒன்றுதான். மனைவியிடம் சொல்லவில்லை. பயிற்சிக்கு வரும் இளைஞர்களுக்கு அவர் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது: சம்பந்தப்பட்டவரிடம் சாட்சியத்தைக் காட்டாதே. காட்டினால் பதில் தயாரித்துக்கொள்வான்.

சோப்பு வந்தான். மூன்று வருடத்துக்குப் பிறகு வருகிறவன் வாசலில் செருப்பை எந்தப் பக்கம் விடுவது என்று தெரியாமல் நின்றான். அக்கா தேநீர் போடப் போனாள். உள்ளே பாத்திரம் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சத்தம் போட்டது. நிரூபணம் அவனை நேரே குழாயடிக்கு அழைத்துப்போய்க் கையை வெறும் தண்ணீரில் மூன்று தடவை கழுவச் சொன்னார். சோப்பு ஒரு துளி உள்ளே போனாலும் தொட்டி காலி என்றார். சோப்பிலேயே பிழைப்பு நடத்துகிறவன் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, திரும்பவும் கழுவினான்.

பிறகு விரிவுரை. தீனி வேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து ஃபிரிட்ஜில் இருக்கிறது. ஒரு டப்பா, ஒரு வேளை, மிச்சம் மீதி கிடையாது. கண்ணாடியில் கோடு போட்டிருக்கிறது. தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றவே கூடாது. தொட்டித் தண்ணீரை மாற்ற நேர்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்ற வேண்டும். ஆவியாகப் போவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே இருக்கும், ஆகவே உப்புக்கு மேல் உப்பு சேர்ந்தால் கதை முடிந்தது. இதை அவர் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

எல்லாவற்றையும் கவனமாகக் கேட்ட சோப்பு, பணிவாக ஒரு சந்தேகம் கேட்டான்.

“தண்ணிய மேலேருந்து ஊத்தணுமா அத்தான், கீழேருந்தா?”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. நிரூபணம் அவன் முகத்தைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத முகத்தைத்தான் அவர் ஒருநாளும் நம்பியதில்லை.

விடுமுறைக்கு அவர்கள் போனது கடற்கரைக்கு. அறையின் ஜன்னலைத் திறந்தால் நிஜக்கடல், வேண்டிய அளவு உப்போடு கிடந்தது. நிரூபணம் அதற்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டு, கைபேசியில் தன் வீட்டுத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடலைப் பார்க்கத்தானே வந்தோம் என்று மனைவி கேட்டதற்கு, பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்றார். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தனியாக அலைப்பக்கம் நடந்துபோனாள்.

முதல் சில நாட்கள் ஒரு குற்றமும் கிடைக்கவில்லை. அதுவே அவருக்கு உறுத்தியது. சோப்பு நேரத்துக்கு வந்தான், கை கழுவினான், தீனி போட்டான், கோடு பார்த்துத் தண்ணீர் ஊற்றினான். பிறகு முக்காலியைப் போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்துகொண்டு மீன்களோடு பேசினான். கேமராவில் சத்தம் வராது. மஞ்சள் மீனிடம் அவன் கையை விரித்து ஏதோ நீளமாகச் சொல்வதும், மீன் கண்ணாடிக்கு மிக அருகில் வந்து கேட்பதும் தெரிந்தது. தன்னைப் பற்றித்தான் சொல்கிறான் என்பதில் நிரூபணத்துக்குச் சந்தேகமே இல்லை. மீனும் ஆமோதிப்பதுபோல் வாயைத் திறந்து திறந்து மூடியது.

அப்புறம் அது நடந்தது.

ஒரு காலை சோப்பு தொட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றான். சின்ன வலையை உள்ளே விட்டு, மணலிலிருந்து சிவப்பாக ஒன்றை எடுத்தான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். வெள்ளை மீசை கைக்கு வெளியே தொங்கியது. தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். வெகுநேரம் அப்படியே இருந்தான். நடிக்கிறான் என்றார் நிரூபணம் தனக்குத்தானே. ஆள் இல்லாத அறையில் யாருக்காக நடிக்க வேண்டும் என்ற கேள்வி அவருக்கும் வந்தது. யாருமே பார்க்காதபோதும் நடிப்பவன்தான் தேர்ந்த நடிகன் என்று அதையும் தீர்த்துவைத்தார். சோப்பு பிறகு அந்தச் சிவப்புப் பொருளைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினான். மாலையில், தண்ணீர் நிரப்பி ஊதிய பிளாஸ்டிக் பையோடு வந்தான். பையைத் தொட்டியில் மிதக்கவிட்டுக் காத்திருந்து, மெல்லத் திறந்தான். உள்ளேயிருந்து ஒரு சிவப்பு இறால் வெளியே வந்து பாறைமேல் உட்கார்ந்தது.

நிரூபணத்துக்கு மூக்கு வேர்த்தது. கொலை, தடயம் மறைத்தல், ஆள்மாறாட்டம். இருபத்தைந்து வருட அனுபவத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு வழக்கு அவர் கையில் விழுந்ததில்லை. மூன்று வருடம் காத்திருந்து பழி தீர்த்திருக்கிறான். ஆயுதம் கையிலிருந்த சோப்பாகத்தான் இருக்கும், வேறென்ன.

உடனே ஊருக்குத் திரும்ப வேண்டும் என்றார். மனைவி முடியிலிருந்த மணலை உதறிக்கொண்டிருந்தாள். என்ன விஷயம் என்று கேட்டாள். விசாரணையில் இருக்கிற விஷயம் என்றார். அவள் முகம் வெளுத்தது.

“தம்பிக்கு ஏதாவது ஆச்சா?”

“இதுவரைக்கும் இல்ல.”

வழியெல்லாம் அவள் கேட்டுப் பார்த்தாள். வீடு எரிந்ததா, திருடு போனதா, தம்பி ஏதாவது சொன்னானா. அவர் வாயே திறக்கவில்லை. இவள் குற்றவாளியின் அக்கா. இவளிடம் படத்தைக் காட்டினால் அடுத்த நிமிடம் அவனுக்குத் தகவல் போகும், அவன் பதிலோடு தயாராக இருப்பான். மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவளுக்குத் தெரியாமல், கைபேசியைச் சரித்து வைத்து, படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

மணி அடிக்காமல் சாவி போட்டுக் கதவைத் திறந்தார். சோப்பு தீனி டப்பாவும் கையுமாக முக்காலியில் இருந்தான். அக்காவைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. அத்தானைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அதற்குள் வந்துவிட்டீர்களே என்றான்.

நிரூபணம் பெட்டியைக் கீழே வைத்தார். தொட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“இறால் எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு அத்தான்.”

“அதே இறாலா?”

சோப்பு டப்பாவை மூடினான். மூடி சரியாக விழவில்லை, திரும்பவும் அழுத்தினான். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். சாதிக்கவில்லை, மழுப்பவில்லை. காலையில் வந்து பார்த்தால் இறால் மணலில் செத்துக் கிடந்தது. தான் என்ன தப்பு செய்தோம் என்று இன்றுவரை தெரியவில்லை. அக்காவிடம் சொன்னால் அவள் விடுமுறை கெடும். அத்தானிடம் சொன்னால் அவ்வளவுதான். கடைக்குப் பின்னால் இருக்கும் பூந்தொட்டியில் அதைப் புதைத்துவிட்டு, சலவைக் கடையைப் பூட்டிக்கொண்டு, ஊரில் இருக்கும் மீன்கடையெல்லாம் அலைந்து இதே மாதிரி ஒன்றை வாங்கி வந்துவிட்டான்.

“இந்த வீட்டுக்குத் திரும்ப வந்துட்டு, இதனால மறுபடியும் ஏதாவது ஆயிடக் கூடாதுன்னுதான்க்கா” என்றான் தரையைப் பார்த்து.

ஒப்புதல் வாக்குமூலம். நிரூபணத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. குறுக்கு விசாரணைக்கு நிறையத் தயாரித்து வந்திருந்தார். ஆனாலும் கொண்டுவந்த சாட்சியத்தை வீணாக்க மனமில்லாமல் கைபேசியை எடுத்து, மனைவி முன்னால் நீட்டி, படத்தை ஓடவிட்டார்.

அவள் பார்த்தாள். தன் வீட்டுக் கூடம், உயரத்திலிருந்து. தன் தம்பி தரையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான், நெடுநேரமாக. படம் முடிந்ததும் அவள் இறாலைப் பற்றிக் கேட்கவில்லை. திரும்பி அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நேரே அலமாரிக்குப் போனாள். அகராதியை நகர்த்தினாள். கேமராவை ஒயரோடு இழுத்தெடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். பிறகு படத்தை மறுபடி ஓடவிட்டு, அந்தச் சிவப்புப் பொருள் தம்பியின் உள்ளங்கையில் இருக்கும் இடத்தில் நிறுத்தினாள்.

“கையில கனமே இல்லாம இருந்திருக்குமே” என்றாள் தம்பியிடம்.

சோப்பு யோசித்தான். ஆமாம், காய்ந்த பூ மாதிரி இருந்தது என்றான்.

“இது இறால் இல்லடா. சட்டை. பாம்பு உரிக்கிற மாதிரி இதுவும் உரிக்கும். உரிச்சுட்டு உடம்பு கெட்டியாகுற வரைக்கும் கல்லுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும். மாசா மாசம் நான்தான் எடுத்துக் குப்பையில போடுறேன்.”

“எனக்குத் தெரியாம?” என்றார் நிரூபணம்.

“தெரிஞ்சா அதுக்கு ஒரு விசாரணை வைப்பீங்க.”

அந்த நேரம் பார்த்து, பவளப்பாறையின் இடுக்கிலிருந்து முதலில் வெள்ளை மீசையும் பிறகு புதுப் பளபளப்போடு சிவப்பு முதுகும் வெளியே வந்தன. பழைய இறால் மணல்மேல் நாலடி நடந்து, பாறைமேல் உட்கார்ந்திருந்த புது இறாலை மீசையால் தொட்டுப் பார்த்தது. செத்தவன் சாட்சிக் கூண்டில் ஏறிய வழக்கு என்று அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள் என்பது நிரூபணத்துக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. இங்கே இருக்கிற இரண்டு பேரில் யார் போய்ச் சொல்வார்கள் என்றும் யோசித்தார்.

“நேத்தே இதை என்கிட்ட காட்டியிருந்தா அங்கேயே சொல்லியிருப்பேன்ல?”

“சம்பந்தப்பட்டவங்க கிட்ட காட்டக் கூடாது.”

“நான் சம்பந்தப்பட்டவளா?”

“அவனுக்கு அக்கா.”

“உங்களுக்குப் பொண்டாட்டி” என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. “சரி. போனது போகட்டும். ஒத்துக்கிட்டபடி அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

சோப்பு, வேண்டாம் அக்கா என்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை, புருஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நிரூபணம் தொண்டையைக் கனைத்தார். ஒரு சின்ன வார்த்தைதான், வாய்வரை வந்துவிட்டது. ஆனால் தொட்டியில் புது இறால் மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. எந்தக் கடையோ, எந்தத் தண்ணீரோ.

“இந்தப் புது இறாலுக்கு ரசீது இருக்கா?” என்றார்.

அவள் தலையை ஆட்டினாள், கணக்கு ஒத்துப்போன மாதிரி. இன்னும் பிரிக்காத தன் பெட்டியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டாள். அங்கே அறை இன்னும் நம் பேரில்தான் இருக்கிறது, கடையைப் பூட்டிவிட்டு வா, நீ கடலைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று தம்பியை அழைத்தாள். சோப்பு வாசல்வரை போய்த் தயங்கித் திரும்பினான். மூன்று வருட வைராக்கியத்தைவிட வளர்ப்பு பெரிது போலும்.

“அத்தானுக்குச் சாப்பாடுக்கா?”

“ஃபிரிட்ஜுல வேளைக்கு ஒரு டப்பாவா பிரிச்சு வச்சிருக்குடா” என்றாள் அவள்.

கதவு சாத்திய பிறகு நிரூபணம் தொட்டி முன்னால் அதே முக்காலியில் உட்கார்ந்தார். கடைசியில் எல்லாம் நம்பகமான கைக்கு வந்துவிட்டது. ஆனால் நிம்மதி வரவில்லை. இத்தனை நாள் ஊற்றியது நல்ல தண்ணீர்தானா? கேமராவில் தண்ணீர் தெரிந்ததே தவிர அது என்ன தண்ணீர் என்று எங்கே தெரிந்தது? புது இறாலோடு வந்த பையிலிருந்து எத்தனை கிருமி இறங்கியதோ. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவர் கண்ணுக்குத் தொட்டித் தண்ணீரே கலங்கலாகத் தெரிந்தது. ஆகவே வாளி வாளியாகப் பழைய தண்ணீரை வெளியே கொட்டினார். குளியலறையில் உப்பைக் கரைத்து, சூடு பார்க்கப் பொறுமையில்லாமல், ஆறப்போட நேரமில்லாமல், ஏறக்குறைய தொட்டி முழுவதும் ஒரே மூச்சில் புதுக் கடலாக மாற்றினார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். சோப்புக்கு அதை விரலை ஆட்டிச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஆனால் அது ஆபத்தில்லாத காலத்து விதி.

காலையில் மஞ்சள் மீன் பக்கவாட்டில் மிதந்தது.

தொட்டுப் பார்த்தார். சட்டை இல்லை; மீன்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாரோ, கைபேசி அடித்தது. மனைவி. பின்னணியில் அலைச் சத்தமும் சோப்பின் சிரிப்பும் கேட்டன. சண்டையெல்லாம் குரலில் இல்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். பிறகு, தம்பி கேட்கச் சொன்னான் என்றாள்.

“மஞ்சள் எப்படி இருக்காம்?”

நிரூபணம் கையைப் பார்த்தார்.

“நல்லா இருக்கு” என்றார்.

மீனைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடைகடையாக ஏறி இறங்கினார். கைக்குட்டையைப் பிரித்து, இதே அளவு, இதே நிறம், முகமும் இப்படியே இருக்க வேண்டும் என்று கேட்டார். மஞ்சள் இப்போது வருவதில்லை என்றார்கள். கடைசிக் கடையில் நீலம்தான் இருந்தது.

நீலத்தை வாங்கிக்கொண்டு வந்தார்.